குற்றம் லைனிலும் இல்லை, தமிழிலும் இல்லை

"பாமினி என்றால் போகும், யூனிகோட் என்றால் போகாது."

வெள்ளவத்தைக் காலி வீதியோரம் மொழிபெயர்ப்பும் தட்டச்சும் செய்து கொடுக்கும் கடைகளிலும், கொட்டாஞ்சேனையில் கலியாணக் கார்ட்டும் அந்தியேட்டிக் கல்வெட்டும் அடிக்கும் அச்சகங்களிலும் இதை யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. வீட்டில் இருந்தபடி ரிமோட் டெஸ்க்டொப் மென்பொருளால் கடைக் கணினியைத் திறந்து தமிழ் அடித்துப் பார்த்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். யூனிகோட் விசைப்பலகையை வைத்து அடித்தால் அந்தப் பக்கத்தில் ஆங்கில எழுத்து விழுகிறது. சில வேளை ஒன்றுமே விழுவதில்லை. சில வேளை கொம்பு ஓரிடத்திலும் அரவு வேறிடத்திலுமாகச் சிதறுகிறது. பாமினி பொன்டைப் போட்டு அடித்தால் பிசகில்லாமல் வருகிறது. இந்த அனுபவத்திலிருந்து மூன்று தீர்ப்புகள் எழுதப்பட்டுவிட்டன. லைன் ஸ்லோ என்பது ஒன்று. தமிழ் சிக்கலான எழுத்து, தூரத்திலிருந்து அடிக்க ஒத்துவராது என்பது இன்னொன்று. ஆகவே பழைய பாமினியே தொழிலுக்கு உத்தரவாதம் என்பது மூன்றாவது.

அனுபவம் உண்மை. தீர்ப்புகள் மூன்றும் பிழை.

இந்த எண்ணம் இவ்வளவு ஆழமாக ஊன்றியதற்குக் காலமும் ஒரு காரணம். 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, அதுவரை ரிமோட் டெஸ்க்டொப் என்றால் என்னவென்றே கேட்டிராத தட்டச்சாளர்கள் ஒரு வாரத்துக்குள் அதைப் பழக வேண்டியிருந்தது. அதே வருடம் ஒக்டோபரில் கொட்டாஞ்சேனைப் பக்கம் திரும்பவும் அடைபட்டது. 2022இல் பெற்றோல் வரிசை. கடைக்குப் போகவே வழியில்லாத நாட்களில், எது உடனே வேலை செய்ததோ அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவசரத்தில் பிடித்த கொம்பைப் பிறகு யாரும் விடவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த அவசர ஏற்பாட்டைத் தொழில்நுட்ப உண்மையாகப் போதிப்பவர்களோடுதான் எனக்கு வழக்கு.

முதலில், ஒரு விசையை அழுத்தும்போது என்ன நடக்கிறது? விசைப்பலகைக்கு மொழி தெரியாது. "இத்தனையாவது இடத்தில் உள்ள விசை அழுத்தப்பட்டது", "அது விடப்பட்டது" என்ற இரண்டு செய்திகளை மட்டும் அது சொல்லும். அந்த இட எண்ணுக்கு ஸ்கான்கோட் என்று பெயர். அது எந்த எழுத்து என்று தீர்மானிப்பது அதற்கு மேலே இருக்கும் மென்பொருள். அது விண்டோஸோடு வரும் விசைப்பலகை அமைப்பாக இருக்கலாம், இ-கலப்பை, கீமேன் போன்ற தனி எந்திரமாகவும் இருக்கலாம். ஒரே கணினியில் இரண்டும் அடுத்தடுத்து நடந்துவிடுவதால் நமக்கு வேறுபாடு தெரிவதில்லை. ரிமோட் டெஸ்க்டொப் இந்த இரண்டுக்கும் நடுவே கத்தி வைக்கிறது. விசை இங்கே, திரை அங்கே. எழுத்தைத் தீர்மானிக்கும் வேலையை யார் செய்வது?

பெரும்பாலான மென்பொருள்கள் அதை அந்தப் பக்கத்துக் கணினியின் தலையில் கட்டுகின்றன. 1998இல் விண்டோஸ் என்டி 4.0 டேர்மினல் சேர்வரோடு வந்த மைக்ரோசொப்டின் ஆர்டிபி நெறிமுறை, இணைப்பு தொடங்கும்போது "என்னுடைய விசைப்பலகை அமைப்பின் எண் இது" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, பிறகு ஸ்கான்கோட்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். சேர்வர் அந்த எண்ணுக்குரிய அமைப்பை எடுத்து எழுத்தாக மாற்றும். ஜேர்மன்காரருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இது போதும். இரண்டு முனையிலும் அதே விண்டோஸ், அதே அமைப்பு. நமது தட்டச்சாளரின் வீட்டுக் கணினி என்ன சொல்கிறது? தமிழ் எந்திரம் விண்டோஸுக்கு மேலே தனியாக உட்கார்ந்திருப்பதால், விண்டோஸ் அறிந்த வரையில் அது அமெரிக்க ஆங்கில விசைப்பலகை. அப்படியே சொல்கிறது. ரிமோட் மென்பொருளும் பல இடங்களில் எந்திரம் தொடுவதற்கு முன்பே விசையைப் பறித்து அனுப்பிவிடுகிறது. அந்தப் பக்கத்தில் ஆங்கிலம் விழாமல் வேறென்ன விழும்?

இப்போது பாமினியின் அற்புதத்தைப் பாருங்கள். பாமினியில் "தமிழ்" என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்து ஆங்கில விசைகள். கணினி சேமித்து வைப்பதும் அந்த ஐந்தைத்தான். ஜே என்ற எழுத்துக்கு "த" என்ற படத்தைப் பொன்ட் வரைகிறது, அவ்வளவே. ஆகவே ரிமோட் டெஸ்க்டொப்பில் பாமினி போகிறது என்றால், ஆங்கிலம் போகிறது என்று அர்த்தம். ஆங்கிலம் போகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. தமிழை அனுப்பிப் பார்க்காமலே தமிழ் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கெழுதி வைத்திருக்கிறோம்.

அந்தக் கணக்குக்கு வட்டி யார் கட்டுவது? சத்தியப்பிரமாணம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் பாமினியில் அடித்துக் கொடுத்த பிறப்புச் சான்றிதழின் வேர்ட் கோப்பைக் கனடாவில் இருக்கும் மகன் தன் போனில் திறக்கிறார். ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரிகிறது. பத்து வருடக் கல்வெட்டுக் கோப்புகள் அச்சகத்தில் இருக்கின்றன. ஒரு பெயரைத் தமிழில் அடித்துத் தேடினால் ஒன்றும் அகப்படாது. இலங்கைக் கட்டளைகள் நிறுவகம் எஸ்எல்எஸ் 1326 என்ற தமிழ்த் தகவல் நியமத்தை 2008இல் வெளியிட்டது. யூனிகோட் குறிமுறையும் ரெங்கநாதன் விசைப்பலகையும் அதில் உள்ளன. அதன் பின்னும் பாமினிக் கோப்புகள் குவிந்துகொண்டே இருப்பதற்கு ரிமோட் டெஸ்க்டொப் இப்போது புதிய சாட்டு.

போகட்டும், பாமினி பிசகுவதே இல்லை என்பதாவது உண்மையா? பாமினியில் சிறிய ஜே "த", பெரிய ஜே "து". சிறிய கே "ம", பெரிய கே "மு". ஷிஃப்ட் விசையை விட்ட செய்தி வழியில் தொலைந்தாலோ, மென்பொருளின் ஜன்னலை விட்டு இடையில் வெளியே போனதால் அந்தச் செய்தி அனுப்பப்படாமலே போனாலோ, அந்தப் பக்கத்துக் கணினி ஷிஃப்ட் இன்னும் அழுத்தப்பட்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். பிறகு வரும் தகரமெல்லாம் துகரம், மகரமெல்லாம் முகரம். இதை அனுபவித்திராத பாமினிக்காரர் இருக்க முடியாது. ஒருமுறை ஷிஃப்டைத் தட்டிச் சரிசெய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். யூனிகோட் பிசகினால் அது யூனிகோடின் குணம், பாமினி பிசகினால் அது தற்செயல். இந்த நீதிதான் விளங்கவில்லை.

அடுத்து, தமிழ் சிக்கலான எழுத்து என்ற வாதம். கொழும்பில் இருந்துகொண்டு இதைச் சொல்பவர் பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கவேண்டும். சிங்களத்திலும் கொம்புவ எழுத்துக்கு முன்னால்தான் வருகிறது. போதாததற்கு யன்சய, ராகாரான்சய என்ற கூட்டு வடிவங்களும் உண்டு. அவற்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறியையும் நடுவே போடவேண்டும். தமிழில் அந்தக் கரைச்சல் கிடையாது. சிக்கல்தான் காரணம் என்றால் முதலில் தோற்கவேண்டியது சிங்களம். ஆனால் சிங்கள விசைப்பலகை விண்டோஸோடு கூடவே வருகிறது. இரு முனையிலும் அதைத் தெரிவு செய்தால் எழுத்து ஒழுங்காகப் போய்ச் சேருகிறது. விண்டோஸோடு தமிழ் விசைப்பலகைகளும் வருகின்றன. ஆனால் நமது தட்டச்சாளர்களின் விரல்கள் பழகிய ரெங்கநாதன் அமைப்பைத் தனியாக எடுத்து நிறுவவேண்டும். வித்தியாசம் இந்த வினியோகத்தில் இருக்கிறது. எழுத்தின் வடிவத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

(லினக்ஸ் பக்கத்தில் ஒரு வேடிக்கை. எக்ஸ்11 என்ற ஜன்னல் முறைமையின் விசைப் பட்டியலில் சிங்கள எழுத்துகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு, தமிழுக்கு இல்லை. இதையும் பாரபட்சக் கணக்கில் எழுத ஆட்கள் இருப்பார்கள். அவசரப்பட வேண்டாம். யூனிகோட் எண்ணோடு ஒரு நிலையான எண்ணைக் கூட்டினால் எந்த மொழி எழுத்துக்கும் அங்கே விசை எண் கிடைக்கும். பெயர் இல்லாததால் தமிழுக்கு ஒரு குறையும் இல்லை.)

லைன் மீதான பழியை எண்ணிக்கையால் தீர்த்துவிடலாம். ஆர்டிபியின் விரைவு வழியில் ஒரு விசையழுத்தம் 2 பைட். அதே நெறிமுறையில் எழுத்தை எழுத்தாகவே அனுப்பும் இன்னொரு செய்தி உண்டு. அதன் அளவு 3 பைட். யூனிகோடின் முதன்மைத் தமிழ்த் தொகுதியில் உள்ள 128 இடங்களும் 16 பிட்டுக்குள் அடங்குவதால் அன்றாடத் தமிழ்க் குறி எதற்கும் ஒரு செய்தி போதும். விஎன்சி என்ற இன்னொரு ரிமோட் மென்பொருள் குடும்பத்தின் ஆர்எஃப்பி நெறிமுறையில் இந்த வித்தியாசம்கூட இல்லை. ஆங்கில ஏ ஆனாலும் நமது ழகரமானாலும் 8 பைட்தான். திரையின் படத்தை விநாடிக்குப் பல தடவை வீட்டுக்கு இழுத்து வரும் அதே இணைப்பு, ஒரு பைட் கூடுதலான எழுத்தைச் சுமக்க முடியாமல் மூச்சு வாங்குகிறது என்று சொன்னால் சிரிக்கத்தான் வேண்டும்.

தாமதத்தால் வரும் ஒரு பிழை மெய்யாகவே உண்டு. விசையை விட்ட செய்தி பிந்தினால், சில மென்பொருள்களில் அந்தப் பக்கத்துக் கணினி விசை இன்னும் அழுத்தியபடியே இருப்பதாக எண்ணி ஒரே எழுத்தை வரிசையாகக் கொட்டும். ஆனால் ஆங்கிலத்திலும் அது அப்படியே கொட்டும். முழு எழுத்தாக அனுப்பினால் அழுத்தியது, விட்டது என்ற இரட்டைச் செய்தியை நம்பி இருக்கவேண்டியதில்லை, அந்தக் கொட்டலுக்கும் இடமில்லை. லைன் மோசமாக இருப்பவர்தான் எழுத்தை எழுத்தாக அனுப்பும்படி முதலில் கேட்கவேண்டும்.

இனி, எதிர்த் தரப்பின் பலமான வாதம். "அந்தப் பக்கத்துக் கணினியிலும் அதே தமிழ் விசைப்பலகையை நிறுவுங்கள், இங்கே ஆங்கிலத்தில் விடுங்கள், பிரச்சினை முடிந்தது." அனுபவமுள்ள கணினிக்காரர் எல்லோரும் தரும் ஆலோசனை இது. ஒருவரே இரண்டு கணினிக்கும் சொந்தக்காரர் என்றால் வேலையும் செய்யும். நானும் அப்படிப்பட்டவர்களுக்கு இதையே சொல்வேன்.

ஆனால் கடை என்பது ஒருவர் அல்ல. ஒரு மேசையில் தட்டெழுத்துப் பொறியில் தொழில் கற்றவர் இருக்கிறார். கொம்பை முதலில் அடித்துப் பிறகு எழுத்தை அடிப்பது அவர் கைப்பழக்கம். சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூருக்குப் போன ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டெழுத்துப் பொறி அமைத்த காலத்து மரபு அந்த விரல்களில் இருக்கிறது. அடுத்த மேசையில் சென்னையில் படித்து வந்த பிள்ளை, தமிழ்99 விசைப்பலகை தவிர வேறொன்று அறியாதவர். மூன்றாமவர் அம்மா என்பதை ஆங்கில ஒலிப்பில் அடிப்பவர். மூவரும் தத்தம் வீட்டிலிருந்து ஒரே கடைக் கணினிக்கு வருகிறார்கள். யாருடைய அமைப்பை அங்கே நிறுவுவது? மூன்றையும் நிறுவினால் முந்தியவர் விட்டுப்போன அமைப்பில் பிந்தியவர் தொடங்குவார். கணினி கடையுடையதாக இல்லாமல் ஒரு திணைக்களத்துடையதோ வங்கியுடையதோ என்றால், புதிதாக எதையும் நிறுவ அனுமதியே இல்லை. அனுமதி கிடைத்து நிறுவிய பிறகு, தமிழில் விட்டுவிட்டுப் போன விசைப்பலகையோடு பூட்டுத் திரையில் கடவுச்சொல்லை அடித்துப் பாருங்கள். புள்ளிகள் மட்டும் தெரியும் பெட்டிக்குள் எந்த மொழி விழுகிறது என்று யாருக்குத் தெரியும்? சில தடவை தவறினால் கணக்கு பூட்டப்படும். பிறகு நிர்வாகியைத் தேடி அலையவேண்டும்.

இரண்டு முனையிலும் எந்திரம் இயங்கினால் வருவது வேறு கூத்து. தமிழ்99இல் ககரத்தை இருமுறை அடித்தால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானாக விழுந்து "க்க" ஆகும். அதற்கு எந்திரம் முந்திய எழுத்து என்னவென்று அறிந்திருக்க வேண்டும். கொம்பை முதலில் அடிப்பவரின் எந்திரத்துக்கும் அதே தேவை. "கொ" என்பது யூனிகோடில் ககரமும் அதன் பின்னே ஒகரக் குறியும். ஆகவே விரல் அடித்த வரிசையை எந்திரம் பிடித்து வைத்துத் திருப்பிப் போடவேண்டும். தன் கணினியிலேயே எழுதும்போது அதற்கு முந்திய எழுத்து கைக்கெட்டும். ரிமோட் ஜன்னலுக்குள் இருப்பதோ வெறும் படம், அதற்குள் எந்திரத்தால் பார்க்க முடியாது. எனவே "பின்னோக்கி அழி, புதிதாகப் போடு" என்று கண்ணை மூடிக்கொண்டு விசைகளை ஏவுகிறது. அந்தப் பக்கத்து மென்பொருள் அழிக்கும்போது ஒரு குறியை மட்டும் எடுக்குமா, முழு உயிர்மெய்யையும் எடுக்குமா? மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். கொம்பும் அரவும் சிதறும் கதை, எழுத்து காணாமல் போகும் கதை எல்லாம் இங்கேதான் பிறக்கின்றன.

ஆக, விசைப்பலகையை அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோவது தப்பான திசை. விசைப்பலகை மனிதரோடு இருக்கவேண்டும். எழுத்தை உண்டாக்கும் வேலை விரல் இருக்கும் பக்கத்தில் முடிந்து, முடிந்த எழுத்து மட்டும் லைனில் போகவேண்டும்.

இது நடக்காத காரியம் என்பவர்களுக்கு அவர்களுடைய பழக்கத்தையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். யூனிகோட் போகாது என்று சொல்லும் அதே ஆள், அவசரத்துக்கு என்ன செய்கிறார்? வீட்டுக் கணினியில் ஒரு பக்கம் தமிழ் அடித்து, நகலெடுத்து, ரிமோட் ஜன்னலுக்குள் ஒட்டுகிறார். முழுப் பக்கமும் ஒரு புள்ளி பிசகாமல் வந்து விழுகிறது. அதே லைன், அதே மென்பொருள், அதே தமிழ். ஒட்டும்போது எழுத்து எழுத்தாகப் போகிறது, அடிக்கும்போது விசை விசையாகப் போகிறது. இதைவிட வேறென்ன நிரூபணம் வேண்டும்? பாதுகாப்புக்காக ஒட்டும் வசதியை மூடிவைத்திருக்கும் அலுவலகங்களில் இந்தக் குறுக்கு வழியும் இல்லை என்பது தனிக் கதை.

கைத்தொலைபேசியைப் பாருங்கள். தொடுதிரை விசைப்பலகையில் இடமும் இல்லை, ஸ்கான்கோடும் இல்லை. எழுத்தைத்தான் அனுப்பியாக வேண்டும். அதனால், மடிக்கணினியில் அடம்பிடித்த அதே தமிழ், போனிலிருந்து அடித்தால் சேர்வருக்குள் சாதாரணமாக இறங்குவதுண்டு. மக் கணினிக்கான மைக்ரோசொப்ட் மென்பொருளில் விசைப்பலகை முறையை ஸ்கான்கோட், யூனிகோட் என்று மாற்றிக்கொள்ளும் தெரிவு இருக்கிறது. ஃப்ரீஆர்டிபியிலும் உண்டு. குரோம் ரிமோட் டெஸ்க்டொப்பின் உள்ளமைப்பில் விசைக்கு ஒரு செய்தியும் வாசகத்துக்கு ஒரு செய்தியும் தனித்தனியே வகுத்திருக்கிறார்கள். அப்பாச்சி குவாக்கமோலியில் வாசக உள்ளீடு என்றே ஒரு முறை. ரஸ்ட்டெஸ்க்கில் விசையை அப்படியே பொருத்துவதா, மொழிமாற்றி அனுப்புவதா என்று கேட்கும் தெரிவுகள். சேர்வர் வேலை செய்பவர்கள் எஸ்எஸ்எச் வழியாக வருடக்கணக்காக எழுத்துகளைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே விசைகள் லைனில் போவதே இல்லை. வசதி இருக்கிறது. நாம் திறக்காத பட்டியலுக்குள் இருக்கிறது, பல இடங்களில் இயல்புநிலையாக அணைந்திருக்கிறது.

சீன, ஜப்பானிய, கொரிய மொழிக்காரர்களுக்காக, பயனரின் பக்கத்து உள்ளீட்டு எந்திரத்தையே ரிமோட் அமர்வில் பயன்படுத்தும் ஏற்பாட்டைச் சிற்றிக்ஸ் நிறுவனம் செய்து கொடுத்தது. அவர்களுடைய எழுத்து நம்முடையதைவிட இலகுவானது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆங்கில விசைக்குப் படம் மாட்டிச் சமாளிக்கும் வழி ஆயிரக்கணக்கான எழுத்துகள் உள்ள மொழிக்குக் கிடையாது. நமக்குக் கிடைத்தது. பாமினி நமக்குச் செய்த மிகப் பெரிய கெடுதி அதுதான் என்பது என் கட்சி: முறைப்பாடு செய்யவேண்டிய தேவையையே அது இல்லாமல் ஆக்கிவிட்டது.

விசையை அனுப்புவதை அடியோடு நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கொன்ட்ரோலும் சீயும் சேர்ந்த நகலெடுப்பு, அம்புக்குறிகள், எஃப் விசைகள், பூட்டுத் திரை எல்லாம் விசையாகவே போகவேண்டும். அங்கே இடமும் அழுத்திய நேரமும்தான் பொருள். பழைய கணக்கு மென்பொருள்கள் சிலவற்றில், வெளியிலிருந்து செலுத்தும் யூனிகோட் எழுத்தை ஏற்காத குணமும் உண்டு. அவற்றுக்கு ஸ்கான்கோடே கதி. ஆனால் பிரிப்பது கடினமல்ல. பயனரின் எந்திரம் ஓர் எழுத்தை முடித்துக் கொடுத்தால் எழுத்தை அனுப்பு, கொன்ட்ரோலோ ஓல்ட்டோ கூடவே இருந்தால் விசையை அனுப்பு. ஒரு நிரலாளருக்கு இது பெரிய ஆராய்ச்சி இல்லை. கேட்டால் செய்வார்கள்.

கேட்பதற்கு இடமும் இருக்கிறது. ரிமோட் மென்பொருளுக்கு வருடச் சந்தா கட்டும் அச்சகம், பணம் கட்டுமுன் இலவசத் தவணையில் அவரவர் வீட்டு விசைப்பலகையால் ஒரு வெற்று நோட்பேடில் "கொக்கு", "பௌர்ணமி", "ஸ்ரீ" என்ற மூன்று சொற்களை அடித்துப் பார்க்கட்டும். அந்தப் பக்கத்தில் தமிழ் விசைப்பலகை எதுவும் நிறுவியிருக்கக் கூடாது. பாமினி பொன்டும் கூடாது. வராவிட்டால் அந்த மூன்று சொல்லின் திரைப்பிடிப்போடு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடட்டும். கேள்விப்பத்திரம் கோரி மென்பொருள் வாங்கும் திணைக்களங்கள், எஸ்எல்எஸ் 1326க்கு இணங்கவேண்டும் என்று எழுதும் வரிக்குக் கீழே இதே சோதனையை, எஸ்எல்எஸ் 1134 என்ற சிங்கள நியமத்துக்கும் சேர்த்து, ஒரு நிபந்தனையாக எழுதலாம். விற்க வருபவர் அப்போது லைனைக் காட்டித் தப்ப முடியாது, அவர் தன் கணினியிலேயே அடித்துக் காட்டவேண்டி வரும்.